நின்றவூர் வழியாக

சென்னைக்கு மேற்கே போகும் வழியில் நமக்கு முன்னே நடந்து போனவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது. திருவொற்றியூர் மகிழ மரத்தடியில் மனைவி சங்கிலியாருக்கு, உன்னைப் பிரியேன் என்று செய்து கொடுத்த சத்தியத்தை மீறி, ஆரூரின் வசந்த விழா நினைவு இழுக்க, ஊர் எல்லையைத் தாண்டிய கணத்தில் சுந்தரரின் பார்வை போயிற்று என்கிறது பெரியபுராணம். அவர் திரும்பிப் போகவில்லை. மேற்கே நடந்தார். முதலில் வந்து சேர்ந்த தலம் வட திருமுல்லைவாயில். அங்கே மனம் நொந்து பாடிவிட்டு, இன்னும் மேற்கே திருவெண்பாக்கம். அங்கேயும் கண் கிடைக்கவில்லை. ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. அதை ஊன்றிக்கொண்டு திருவாலங்காடு போய், பிறகு காஞ்சியில்தான் ஒரு கண் திரும்பியது.

இன்றைய ஊர்ப் பெயர்களில் சொன்னால், வடசென்னைக் கடற்கரையிலிருந்து அம்பத்தூர், ஆவடிப் பக்கமாகப் பூண்டி நீர்த்தேக்கம் வரைக்கும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் ஒரு மனிதர் இருட்டிலேயே நடந்திருக்கிறார். விடுமுறை நாளில் இந்தப் பக்கம் கிளம்பும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். இங்கே பார்க்க வேண்டியவற்றில் பெரும்பங்கு கண்ணுக்குக் கிடைப்பதில்லை. மாமல்லபுரத்தில் எதுவும் தெரியாமல் போய் இறங்கினாலும் கல் பேசிவிடும். ஆவடியில் அப்படி நடக்காது. என்ன நடந்த இடம் என்று முன்பே தெரிந்துகொண்டு போய் நிற்கிறவருக்குத்தான் இந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறக்கும். தெரியாதவருக்கு அது ஏரிக்கரை, ரயில்வே கேட், ஷேர் ஆட்டோ, ஆலைச் சுவர்.

ஒருநாள் பயணம் என்பது இங்கே வார இறுதி விடுமுறையோடு வந்த பழக்கமும் அல்ல. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் மீஞ்சூரை அடுத்த மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில், சூரியன் சாய்வதற்குள் மூன்றாவதைத் தொட்டுவிடும் கணக்கில், தரிசிப்பது வடசென்னைப் பெண்களின் நெடுநாள் வழக்கம். இச்சை, ஞானம், கிரியை என்று மூன்று சக்திகளாக அவர்களைச் சொல்வார்கள். அந்த மாலைகளில் முல்லைவாயில் கோயில் வாசலில் நின்றால், பூக்கடைக்கார அம்மா, "ஒத்தியூர்ல கூட்டமாம்மா? எத்தினி மணிக்குக் கெளம்பினீங்க?" என்று கேட்டுக்கொண்டே முழம் போடுவதைக் கேட்கலாம். காலையில் அடுப்பை மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு கட்டிவைத்துவிட்டுக் கிளம்பிய பெண்களுக்கு அது வழிபாடு மட்டும் இல்லை. வீட்டை விட்டு வெளியே ஒரு முழுப் பகல், கூடப் பேசிக்கொண்டு வரத் தோழிகள், பஸ் மாறும் இடத்தில் ஒரு டீ. பயண நூல் எழுதியவர்களின் பட்டியலில் இந்தப் பெண்களின் பெயர் இல்லை. நகரத்தின் வடக்கையும் மேற்கையும் ஒரே நாளில் கோத்துப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். புழல் கோட்டையிலிருந்த குறும்பர்களோடு போருக்கு வந்த தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. வாளால் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்தில் ரத்தம். கீழே இருந்தது சிவலிங்கம். யானையை முல்லையால் கட்டிப்போட்ட இந்தக் கதையின் சாடை சுந்தரர் பதிகத்திலேயே இருக்கிறது. ஆக, எட்டாம் நூற்றாண்டிலேயே இது இங்கே பழங்கதை. கருவறைக்கு முன்னே நிற்கும் இரண்டு எருக்கந்தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவை என்பார்கள். வேலியோரம் இடுப்புயரம் வளரும் எருக்கு எப்போது தூணுக்கு ஆகும் அளவுக்கு வளர்ந்தது என்று அவற்றின் முன்னே நிற்கும் ஒவ்வொருவரும் யோசிப்பார்கள். தோற்றவன் வீட்டுத் தூண் வென்றவன் கோயிலில் நிற்கிறது. குறும்பர்கள் இந்த மண்ணில் வாழ்ந்ததற்குச் சாட்சியாக மக்கள் நினைவு பிடித்து வைத்திருக்கும் பொருள்களில் இவையும் சேரும் என்பதால், எனக்கு அந்தத் தூண்கள் கருவறையளவு முக்கியம். நந்தி சுவாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்தபடி இருக்கிறது. தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய கோலம் அது என்று விளக்கம்.

லிங்கத்தில் வாள் பட்ட காயம் இருக்கிறது. அதைக் குளிர்விக்க எந்நேரமும் சந்தனக்காப்பு. ஆண்டுக்கொருமுறை, சித்திரைச் சதயத்தை ஒட்டித்தான் சந்தனத்தைக் களைகிறார்கள். மற்ற நாளெல்லாம் போகிறவர் பார்ப்பது சந்தனத்தை. காயத்தை நாமே நினைத்துக்கொள்ள வேண்டும். கண் போன சுந்தரரும் அதைத்தான் செய்திருப்பார். அதே ஊரில் பச்சையம்மன் கோயிலின் முனிகள் பிரம்மாண்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சுதையில், வண்ணத்தில், விழித்த கண்களோடு. எல்லாவற்றையும் வெளியே காட்டும் தெய்வங்களும் அந்த ஊரில் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

முல்லைவாயிலிலிருந்து ஆவடி ரயிலில் இரண்டாவது நிலையம். இந்தத் தண்டவாளமே ஒரு பழம்பொருள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதை இதுதான். தினமும் லட்சக்கணக்கானோர் தொங்கிக்கொண்டு போகிறார்கள். சன்னலோரம் இடம் கிடைத்தவர்களும் போனைப் பார்த்தபடி போகிறார்கள். குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவனுக்குப் பாதையின் வயது எதற்கு? ஞாயிற்றுக்கிழமை காலியான பெட்டியில் அதே பாதையில் போகும்போது அந்த வயது மெதுவாக நமக்குத் தட்டுப்படும்.

1955 ஜனவரியில் ஆவடியில் ஒரு நகரம் இருந்தது. காங்கிரஸின் 60ஆவது மாநாட்டுக்காக எழுப்பிய பந்தல் நகரம். பெயர் சத்தியமூர்த்தி நகர். தலைமை யு.என். தேபர். காமராசர் முதலமைச்சராகி ஓராண்டுகூட ஆகவில்லை. தன் அரசியல் ஆசானின் பெயரைத் தாங்கிய நகரில் அவர் நாட்டின் தலைவர்களை வரவேற்றார். இந்தியா சோசலிச பாணிச் சமுதாயத்தை நோக்கிப் போகும் என்று நேருவின் கட்சி தீர்மானம் போட்டது அங்கேதான். பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'ஆவடித் தீர்மானம்' என்ற இரண்டு சொற்களைப் படித்த தலைமுறைகள் உண்டு. படித்தவர்களில் எத்தனை பேர் அந்த ஆவடியையும் தாங்கள் சீசன் டிக்கெட் எடுக்கும் ஆவடியையும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள்? மாநாடு முடிந்ததும் மூங்கிலும் கீற்றும் பிரிந்து போயின. பெயர் மட்டும் குடியிருப்புப் பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்தத் தீர்மானத்துக்கு நினைவுச்சின்னம் எங்கே என்று என்னைக் கேட்டால் சுற்றியுள்ள ஆலைகளைக் காட்டுவேன். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலையும் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் கம்பெனியும் வேறு வழியாக வந்தவை. 1949இல் தொடங்கிய சைக்கிள் கம்பெனிக்கும் சோசலிசத்துக்கும் உறவு இல்லை. ஆனாலும் வயலும் ஏரியுமாக இருந்த ஒரு நிலம் இருபதே ஆண்டில் சங்குச் சத்தத்துக்கு எழுந்து உட்காரும் நிலமாக மாறியதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம். தொழிற்பேட்டைத் தெருக்களில் ஞாயிறு காலை நடந்து பாருங்கள். ஷட்டர் இறங்கிய லேத் பட்டறைகள், எண்ணெய்க் கறை படிந்த வாசல், ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனத்தின் மிச்சம், 'ஆள் தேவை: டர்னர், ஃபிட்டர்' என்று சாக்பீஸில் எழுதிய பலகை. கோயிலுக்கும் கோட்டைக்கும் கொடுக்கும் மரியாதையை இந்தத் தெருக்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு தலைமுறையின் வீடு, படிப்பு, கல்யாணம் எல்லாம் இங்கே கடைந்தெடுக்கப்பட்டவை.

இனித் திருநின்றவூர். பழைய ஆட்கள் தின்னனூர் என்பார்கள். பக்தவத்சலப் பெருமாளும் என்னைப் பெற்ற தாயாரும் இருக்கும் திவ்யதேசம் அங்கே உண்டு, கூட்டம் அங்கேதான். என் மனம் போவது இருதயாலீசுவரர் கோயிலுக்கு. பூசலார் என்ற ஏழை அந்தணர் ஈசனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார். பணம் சேரவில்லை. மனத்திலேயே கட்டத் தொடங்கினார். சேக்கிழார் இதைச் சொல்லும் விதத்தை நான் மறுபடி மறுபடி வாசிக்கிறேன். பூசலார் மனத்தில் பொருளைச் சேர்க்கிறார், கல்லும் மரமும் கொண்டு வருகிறார், தச்சரை அமர்த்துகிறார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இடுகிறார், இரவிலும் உறங்காமல் வேலை நடக்கிறது, சுதை பூசி, தூபி நட்டு, கிணறு தோண்டி, மதில் எழுப்பி, குளமும் வெட்டுகிறார். எந்த வேலையும் விட்டுப்போகவில்லை. மனத்தில் கட்டுகிறவன் நினைத்த மாத்திரத்தில் கோபுரத்தை நிறுத்திவிடலாம். பூசலார் கொத்தனார் வேகத்தில்தான் கட்டினார். குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில் காஞ்சியில் காடவர்கோன் தன் கற்கோயிலுக்கும் நாள் குறித்திருந்தான். கனவில் ஈசன் வந்து, அன்று நின்றவூர் அன்பன் கோயிலில் புகப்போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள் என்றார். அந்த அரசன் காஞ்சி கயிலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்ம பல்லவன் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அவன் நின்றவூருக்கு வந்து கோயில் எங்கே என்று கேட்டான். ஊராருக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் எழுதப்பட்ட முதல் சுற்றுலாக் குறிப்பு இதுதான் என்று தோன்றுவதுண்டு. பேர்பெற்ற கட்டடத்தைக் கட்டியவனே, தன்னுடையதைவிடப் பெரிது ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறான். வந்து பார்த்தால் அங்கே கட்டடம் இல்லை. ஆனாலும் அவன் ஏமாந்துபோய்த் திரும்பவில்லை. பூசலாரைக் கேட்டறிந்து, நிலத்தில் விழுந்து வணங்கிவிட்டுப் போனான். இதை எழுதிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். இதே வட்டாரத்து மனிதர். இந்த நிலத்தின் சுபாவம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் எழுந்த கோயிலில் லிங்கத்தோடு கருவறைக்குள்ளேயே பூசலாரும் இருக்கிறார். இதய நோய்க்காரர்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். கையில் ஸ்கேன் ரிப்போர்ட் உறையோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். கதையின் உருவகத்தை அவர்கள் உடம்போடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அதைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று வருந்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நெஞ்சுக்குள் ஒரு கோயில் இடம்பெற முடியும் என்று நம்பி வருகிறவர்கள் பூசலாருக்கு நெருக்கமானவர்கள்தான்.

அதே ரயிலில் இன்னும் சில நிலையம் போனால் புட்லூர். பூங்காவனத்தம்மன் என்று சொல்லும் அங்காளபரமேசுவரி அங்கே நிறைமாதக் கர்ப்பிணியாக, மண் புற்று வடிவில் மல்லாந்து படுத்திருக்கிறாள். சிற்பி செதுக்கியது அல்ல. குழந்தை வேண்டி வரும் பெண்கள் முந்தானையை விரித்துக் காத்திருக்கிறார்கள். அம்மன் மேல் வைத்த எலுமிச்சம்பழம் உருண்டு மடியில் விழ வேண்டும். நின்றவூரில் பொருளே இல்லாமல் ஒரு கோயில் என்றால், இங்கே கட்டியவரே இல்லாமல் ஓர் உருவம். பழம் விழக் காத்திருக்கும் முகங்களை வேடிக்கை பார்க்கக் கூடாது. ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

தெற்கே பூந்தமல்லிக்கு வந்தால் வேறு வகை மறதி. திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். இங்கிருந்து காஞ்சிக்குப் பூ சுமந்து போய் வரதருக்கு ஆலவட்டம் வீசினார். இராமானுசர் அவரைக் குருவாக மதித்தார். அந்த நினைவு கோயிலில் பத்திரமாக இருக்கிறது. இல்லாதது 1639. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, கடற்கரையில் கொஞ்சம் மணல் கேட்டபோது, வந்தவாசியிலிருந்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கரின் சகோதரர் அய்யப்ப நாயக்கர் இந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டு தங்கியிருந்தது பூந்தமல்லியில். அவர்களுடைய தகப்பனார் சென்னப்பரின் பெயரைத்தான் இன்று ஒரு கோடி மக்கள் முகவரியில் எழுதுகிறார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டில் சென்னைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறோம்; விழா எல்லாம் கோட்டையையும் மயிலாப்பூரையும் சுற்றியே நடக்கிறது. கொடுத்தவர் இருந்த ஊரில் ஒரு கல்லும் நடப்படவில்லையே என்பது எனக்கு ஆற்றாமைதான். இதே ஊரின் தனி நீதிமன்றத்தில்தான் 1998 ஜனவரி 28 அன்று ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் மறு ஆண்டு அதை நால்வருக்கு மட்டும் உறுதிசெய்தது. நகரத்தின் தொடக்கமும் நாட்டின் ஒரு பெருந்துயரத்தின் தீர்ப்பும் ஒரே ஊரில். பஸ் மட்டும் நிற்கிறது, ஏறி இறங்குகிறோம்.

பக்கத்தில் கொளப்பாக்கம், சோமங்கலம், கோவூர், போரூர், மாங்காடு, பொழிச்சலூர், குன்றத்தூர், கெருகம்பாக்கம் என்று பூந்தமல்லியையும் சேர்த்துத் தொண்டை மண்டல நவக்கிரகத் தலங்களை ஒரே நாளில் சுற்றும் வேன்கள் உண்டு. அவசரமான பயணம். கோவூரில் மட்டுமாவது இறங்கி உட்கார வேண்டும். தியாகராஜர் வந்து தங்கி ஐந்து கீர்த்தனைகள் பாடிய சன்னதி அது.

சுந்தரருக்கு ஊன்றுகோல் கிடைத்த திருவெண்பாக்கத்துக்கு இன்று போக முடியாது. அது தண்ணீருக்கு அடியில். சென்னையின் தாகத்துக்காகக் கொசத்தலையாற்றின் குறுக்கே கட்டி 1944இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தில் பழைய கோயில் இருந்த இடம் மூழ்கிப்போக, கோயிலைப் பெயர்த்து வேறிடத்தில் எழுப்பினார்கள். தண்ணீர்த் திட்டத்துக்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு. கட்டி முடிவதைப் பார்க்க அவர் இல்லை, 1943இல் போய்ச் சேர்ந்தார். புதிய இடத்து ஊன்றீசுவரர் கோயிலில் கோல் பிடித்த சுந்தரரையும், அவர் கோபத்தில் வீசிய கோல் பட்டுக் கொம்பு ஒடிந்ததாகச் சொல்லும் நந்தியையும் பார்க்கலாம். அம்மன் பெயர் மின்னலொளி அம்மை. பார்வையற்றவருக்கு மின்னலால் வழி காட்டினாளாம். மின்னலைப் பார்க்கவும் கண் வேண்டுமே என்று கேட்கத் தோன்றும். கேட்காமல் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும்.

பூண்டிக்கு அருகே அதிரம்பாக்கம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் நண்பர் வில்லியம் கிங்குடன் இங்கே வந்து கைக்கோடரிகளைக் கண்டார். இருவரும் நிலவியல் துறை ஊழியர்கள். பிறகு நூறாண்டுக்கும் மேலாகப் பலர் தோண்டினார்கள். 1999 முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் செய்த அகழாய்வின் முடிவுகள் 2011இலும் 2018இலும் வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அடி மண்ணிலிருந்த கைக்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது. அடுத்த கட்டத்துச் சிறிய, நுட்பமான கருவிகள் இங்கே தொடங்கியது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு. எருமை, குதிரை, நீலான் ஆகியவற்றின் பல் புதைபடிவங்களும் விலங்குக் குளம்புத் தடங்களும் கிடைத்தன. ஆவடியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், மனிதன் என்று நாம் சொல்லும் இனமே தோன்றாத காலத்தில், யாரோ ஒருவர் ஓடைக்கரையில் உட்கார்ந்து, எந்தக் கோணத்தில் தட்டினால் கல் எப்படி உடையும் என்று யோசித்துத் தட்டியிருக்கிறார். போய் நின்றால் தெரிவது செம்மண், சரளை, ஓடை அரித்த பள்ளம், முட்புதர், தூரத்தில் மேய்கிற ஆடு.

அதனால் முதலில் பூண்டியில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கைக்கோடரிகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் செதுக்கிய விளிம்பு, உள்ளங்கையில் பொருந்தும் அடிப்பகுதி. ஃபூட் சேர்த்தவற்றைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு இன்னொரு நாள் போகலாம். பிறகு ஓடைப்பக்கம் போங்கள். கூட்டிப்போகும் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும்: அழகாக இருக்கிறதென்று எந்தக் கல்லையும் எடுத்துச் சட்டைப்பையில் போடக் கூடாது. அந்தக் கற்களின் வயதைக் கல்லைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவை கிடந்த மண் அடுக்கின் காந்தத் திசையையும், புதையுண்ட குவார்ட்சைட் கற்களில் சிதைந்த தனிமங்களின் அளவையும், மண் துகள்கள் கடைசியாக வெயில் பட்ட காலத்தையும் கணக்கிட்டுத்தான் 15 லட்சம், 3,85,000 என்ற எண்கள் வந்தன. அடுக்கை விட்டு வெளியே வந்த கல்லுக்கு வயது சொல்ல வழியில்லை. அது கிடக்கிற இடத்தில் கிடக்கட்டும். நாம் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.